எந்த மாதத்து வருமானம்?

எனது பெரியம்மாவின் மகள் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் வசிக்கிறார். போரிலே கணவரை இழந்தவர். 2010இல் முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்தவை இரண்டு பிள்ளைகளும் ஒரு தறப்பாளும் மட்டுமே. அடுத்த ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் வாழ்வாதார உதவியாக மா அரைக்கும் இயந்திரம் ஒன்றை அவருக்கு வழங்கியது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அந்தப் படிவத்தின்படி அக்கா வறியவர். ஆகவேதான் இயந்திரம் கிடைத்தது.

ஊருக்கு மின்சாரம் வந்த பின்னர் அந்த இயந்திரமே அவரது தொழிலாயிற்று. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள் என்று அரைத்துப் பொதி செய்து கடைகளுக்குக் கொடுப்பார். பிள்ளைகளைப் படிப்பித்ததும் அதனால்தான். அதனோடு சமுர்த்திக் கொடுப்பனவும் கைகொடுத்தது.

2022இன் பிற்பகுதியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, சமுர்த்தி நிக்கப்போகுதாம். இனி அஸ்வெசும எண்டு ஒண்டாம். திரும்பவும் போம் நிரப்ப வேணுமாம். நீ பேப்பர்க்காரன், உனக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1995இல் சமுர்த்தி ஆரம்பித்த காலத்தில் நான் இளம் செய்தியாளன். அதன் பயனாளிகள் பட்டியலில் அரசியல் எவ்வாறு புகுந்தது என்பதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். வசதியுள்ளவரின் பெயர் இருக்கும். வறியவரின் பெயர் இருக்காது. அதற்கு முன்னர் 1989இல் பிரேமதாச கொண்டுவந்த ஜனசவியவுக்கும் இதே குறை சொல்லப்பட்டது. ஆகவே யாருடைய தயவும் இல்லாமல், எல்லோருக்கும் பொதுவான 22 அளவுகோல்களைக் கொண்டு வறியவர் தெரிவுசெய்யப்படுவர் என்று அறிவிக்கப்பட்டபோது அதை வரவேற்றுக் கட்டுரை எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கட்டுரையை இன்றும் நான் முற்றாக மறுக்கவில்லை.

விபரம் திரட்டுபவர் அக்காவின் வீட்டுக்கு வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். பெரியம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் போயிருந்தேன். 2023இன் முற்பகுதி. அயல்வீட்டுக்காரர் காலையிலேயே வந்து, "அக்கா, மெஷினைச் சாக்காலை மூடி அடுப்படிக்குப் பின்னாலை தள்ளிவிடுங்கோ. அதுகள் கண்டால் எழுதிப்போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா. உங்களிட்டை மறைக்க என்ன இருக்கு?" என்றேன்.

வந்தவர் ஒரு பட்டதாரிப் பிள்ளை. மிகவும் பணிவாகப் பேசினார். வீட்டின் சுவர், தரை, மலசலகூடம், குடிநீர், பிள்ளைகளின் படிப்பு, நோய், காணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைத்தொலைபேசியில் பதிந்தார். மின்பட்டியலின் கணக்கிலக்கத்தையும் குறித்துக்கொண்டார். பின்னர் கேட்டார்:

"அம்மா, மாத வருமானம் எவ்வளவு?"

"எந்த மாதத்து வருமானம், பிள்ளை?"

அந்தப் பிள்ளை முதலில் சிரித்தது. அக்கா கேலியாகக் கேட்கவில்லை என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தை பிறந்தால் பொங்கல் வியாபாரம். சித்திரையிலும் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் மாரி. மிளகாய் காயாது, அரிசி காயாது, இயந்திரம் சும்மா இருக்கும். விற்ற மாதத்திலும் வந்த காசு முழுவதும் வருமானமல்ல. அடுத்த மூட்டை அரிசிக்கும் மிளகாய்க்கும் அதிலேதான் எடுக்கவேண்டும். கடைக்காரர் தரவேண்டிய கடன் கொப்பியில் மட்டும் இருக்கும். இவ்வளவையும் அக்கா சொல்லி முடித்தார். கைத்தொலைபேசியிலோ ஓர் எண் வேண்டும். இருவருமாகப் பேசி ஓர் எண்ணைப் போட்டார்கள். அது பொய்யல்ல. ஆனால் அந்த ஆண்டின் எந்த மாதத்திலும் அக்காவின் கைக்கு வந்த தொகையும் அல்ல.

நண்பர்களே, இந்த இடத்தில் அரசாங்கத்தின் சங்கடத்தையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது, மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அது என்றார்கள். வருமானத்தை அவரவரே சொல்லவேண்டும். சம்பளத் துண்டு உள்ளவரால் மறைக்க முடியவில்லை. சொந்தத் தொழில் செய்தவர் சொன்னதே கணக்காயிற்று. இந்த நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் தொழில்களிலேயே இருக்கிறார்கள். அவர்களின் வருமானத்தைச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே வாயை நம்பாமல் வீட்டிலுள்ளவற்றைப் பார்த்து வறுமையைக் கணிப்பது என்ற முறை வந்தது. மின்பாவனை கூடிய வீடு வசதியான வீடு என்பது அந்தக் கணிப்பின் ஓர் அங்கம். மாதச் சம்பளக்காரரின் வீட்டில் அது பெரும்பாலும் சரி. குளிரூட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டில் மானி வேகமாக ஓடும்.

ஆனால் அக்காவின் வீட்டில் மானி ஓடினால் அது செலவல்ல, உழைப்பு. வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே மானி. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோது அவரது இலாபத்தின் பெரும்பகுதியை மின்பட்டியலே தின்றுவிட்டது. அதே மின்பட்டியல்தான் அவரது வசதிக்கும் சாட்சி!

2023 ஜூனில் பட்டியல் வெளியாயிற்று. நான்கு பிரிவுகள். மிகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா, இரண்டும் மூன்று ஆண்டுகளுக்கு. பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000 ரூபா. நெருக்கடியால் தற்காலிகமாக வீழ்ந்ததாகக் கருதப்பட்ட நிலைமாறும் பிரிவினருக்கு 2,500 ரூபா. அதுவும் அந்த ஆண்டு டிசம்பர் வரை என்பதே முதல் அறிவிப்பு. அக்காவின் பெயர் இந்தக் கடைசிப் பிரிவில் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக மாறாத நிலைக்கு நிலைமாறும் என்று பெயர்.

அன்றிரவு அக்கா அழைத்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே? உந்த மெஷினை வித்துப்போட்டால் மேல்பிரிவிலை போடுவினமோ?"

முப்பது ஆண்டுகள் கேள்வி கேட்டுச் சம்பாதித்த எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. வறுமையிலிருந்து மீள்வதற்காகக் கொடுக்கப்பட்ட கருவியை, வறியவர் என்று நிரூபிப்பதற்காக விற்கலாமா என்று ஒரு பெண் யோசிக்கிறார். யோசிக்க வைத்ததில் என் பங்கும் இருக்கிறது. உள்ளதைச் சொல்லுங்கோ என்றவன் நான். உள்ளது என்ன என்பதை அந்தப் படிவத்தால் கேட்க முடியுமா என்று கட்டுரை எழுதும்போதும் நான் யோசிக்கவில்லை. திண்ணையில் இருந்தபோதும் யோசிக்கவில்லை.

"விக்காதேங்கோ அக்கா. மேன்முறையீடு செய்வம்" என்றேன்.

மேன்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதினேன். மாரி மாதங்களின் மின்பட்டியல்களையும் தை மாதத்து மின்பட்டியலையும் அருகருகே வைத்து, இயந்திரம் ஓடாத மாதத்தில் இந்த வீடு பாவிப்பது ஒரு மின்குமிழுக்கும் ஒரு விசிறிக்குமான மின்சாரமே என்று விளக்கினேன். கடன் கொப்பியின் பிரதியையும் இணைத்தோம். நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்திருந்தார்கள். மாதங்கள் பல கடந்த பின்னர் அக்காவை வறியவர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு பத்திரிகையாளன் தம்பியாக வாய்த்ததால் கிடைத்த நீதி இது. அத்தகைய தம்பி இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரின் தயவைவிட ஓர் அளவுகோல் மேலானது. ஆனால் சொந்தத் தொழில் செய்பவரை அளக்கும்போது இரண்டு விடயங்களையாவது கேட்கவேண்டும். இந்த மின்சாரம் வீட்டுக்கா, தொழிலுக்கா? இந்த வருமானம் எந்த மாதத்தது? இரண்டாவது கேள்வியை அக்கா அன்றே கேட்டுவிட்டார். பதிவதற்குத்தான் இடம் இருக்கவில்லை.

இயந்திரத்தைச் சாக்கால் மூடச் சொன்ன அயல்வீட்டுக்காரருக்கு எந்தப் பிரிவு கிடைத்தது என்று அக்கா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறு தையில் கொழும்புக்கு வந்த உறவினர் ஒருவரிடம் ஒரு கிலோ மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பியிருந்தார். பொதியைப் பிரித்ததும் வீடு முழுவதும் தும்மல். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.