ஒரு பிடி கேல்

செப்டெம்பர் 24

அம்மாவை இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நெஞ்சின் நடுவே நீளமான தையல். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லியிருக்கிறார்கள்.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டைப் புண்ணில் தொடங்கி முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி, பிறகு எல்லாம் வற்றிவிட்டதாக வீட்டில் நினைத்தார்கள். அது போகவில்லை. இதயத்தின் மைட்ரல் வால்வைத் தழும்பாக்கி, வருசக்கணக்காக இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தில் இயந்திர வால்வு. அதில் இரத்தம் கட்டாமலிருக்க உயிருள்ளவரை வார்ஃபரின் குளிசை. ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை எண் 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் கட்டிவிடும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

என்ன சாப்பிடுகிறார் என்று எழுதி வையுங்கள் என்றார் தாதி. அதற்கென்று வாங்கிய கொப்பி இது.

செப்டெம்பர் 25

வீடு அடங்கிய பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தால் வால்வு மூடும் சத்தம் கேட்கிறது. அம்மா அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 28

2.8. காலை இடியப்பம், சொதி. மத்தியானம் சோறு, பருப்பு, கரட்.

செப்டெம்பர் 30

மருந்து எடுக்கப் போன இடத்தில் ஒருவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்: பச்சை இலை எதுவும் வேண்டாம், முக்கியமாகக் கேல் வேண்டாம். அம்மாவுக்கு ஆங்கிலம் முழுதாக விளங்காது. ஆனால் ‘கேல்’ விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

பின்வளவில் அம்மாவின் கேல் இடுப்பளவுக்கு நிற்கிறது. சுருள் இலை ஒரு வரிசை, கரும்பச்சையாக நீண்ட இத்தாலிய இலை ஒரு வரிசை. நாங்கள் மிசிசாகாவுக்கு வந்த புதிதில் தமிழ்க் கடையில் பொன்னாங்காணியும் வல்லாரையும் விமானத்தில் வந்து, வாடி, விலையும் கூடி இருக்கும். பக்கத்துச் சந்தையில் கேல் ஒரு கட்டு மலிவு. அம்மா அதை முதல் நாள் சுண்டிப் பார்த்து, தண்டை உருவி எறிந்து, இலையைச் சுருட்டி மெல்லிதாக அரிந்து வறை வறுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரை என்றால் கேல்தான்.

இன்று அதை எப்படி வேண்டாம் என்பது?

ஒக்டோபர் 5

சோறு, பூசணி, கரட். மூன்று வாய். தட்டைத் தள்ளிவிட்டார்.

ஒக்டோபர் 9

4.6. பல் தீட்டும்போது முரசால் இரத்தம் வந்து துப்பியதெல்லாம் சிவப்பு. இன்றைக்குக் குளிசை வேண்டாம் என்றும், நாளையிலிருந்து குறைந்த அளவு என்றும் சொன்னார்கள். கை நடுங்க எழுதுகிறேன். இலையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். பிறகு ஏன் இந்த எண்?

ஒக்டோபர் 10

எங்கள் மருந்தாளர் இன்று என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார். இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களை ஈரல் விற்றமின் கே-யை வைத்துத்தான் முடித்து அனுப்புகிறது. ஒருமுறை பாவித்த விற்றமினை உடம்பு திரும்பப் புதுப்பித்துப் பாவிக்கும். வார்ஃபரின் அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது. சாப்பாட்டிலிருந்தும் விற்றமின் வராமல் போனால், அதே குளிசை அளவுக்கு மிஞ்சி வேலை செய்யும். அம்மா கீரையும் சாப்பிடவில்லை, சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. எண் ஏறிவிட்டது.

“கேலை நிறுத்த வேண்டாம். ஒரே அளவில் சாப்பிடட்டும். சாப்பாட்டுக்கு ஏற்றபடி குளிசையை வைப்போம்” என்றார்.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 90 மைக்ரோகிராம் விற்றமின் கே போதும். அரைக் கோப்பை சமைத்த கேலிலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் போய்விடுமா என்று கேட்டேன். இது கொழுப்பில் கரைவது, தண்ணீரோடு போகாது என்றார். இன்று சாப்பிட்டதன் பலன் இன்றைய எண்ணில் தெரியாது, இரண்டு மூன்று நாள் செல்லும் என்றும் சொன்னார். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறார்களாம்.

வெளியே வந்து காரில் இருந்தபடி அழுதேன். ஆறுதலா கோபமா தெரியவில்லை.

ஒக்டோபர் 12

வறை.

அம்மா கதிரையில் இருந்து சொன்னார், நான் செய்தேன். இலையை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட வேண்டும். முட்டைக்கோசுக்கு வரும் அதே பச்சைப் புழு இதற்கும் வரும், இலையின் நிறத்திலேயே நரம்போடு நரம்பாக ஒட்டிக் கிடக்கும். சுருளுக்குள் சாம்பல் நிறத்தில் அசுவினி. ஒவ்வோர் இலையாக விரித்துப் பார்த்தேன். தண்டை ஒரு கையால் பிடித்து மறு கையால் உருவினால் இலை இரண்டு பாதியாகக் கழன்று வரும். நாலைந்து இலையை அடுக்கிச் சுருட்டி, நூல் நூலாக அரிய வேண்டும். தாச்சியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. பிறகு இலை, உப்பு, மஞ்சள். பொன்னாங்காணியைப் போல உடனே சுருண்டுவிடாது, கையளவு தண்ணீர் தெளித்து மூடி வைக்க வேண்டும். நிறம் மங்க முதல் தேங்காய்ப்பூ போட்டு ஒரு பிரட்டு. இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப்புளி.

“அடுப்பில வைச்சுக்கொண்டு புளி விட்டிடாத பிள்ளை, கைச்சுப்போம்.”

அரைக் கோப்பை அளந்து வைத்தேன். அம்மா அந்தக் கோப்பையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டார். முழுச் சோற்றையும்.

ஒக்டோபர் 21

முதல் உறைபனி. கேல் நிற்கிறது.

ஒக்டோபர் 22

உறைபனி பட்ட இலை இனிக்கிறது. குளிரில் செடி தன் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த சாறு லேசில் உறையாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வதை நாங்கள் ருசி என்று சாப்பிடுகிறோம். அம்மா இரண்டாம் தரம் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 27

பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீச அம்மா சூப் கொண்டுவந்தார். கால்டோ வேர்டே. உருளைக்கிழங்கை அவித்துக் கரைத்து, அதில் கேலின் இனமான ஒரு இலையைத் தலைமயிர் போல அரிந்து போட்டு, ஒலிவ் எண்ணெய் விடுவது. அவருடைய வளவில் அந்தச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும், கீழ் இலைகளை ஒடித்துக்கொண்டே போவார். அம்மா மரக்கறி மட்டும் என்பதால் சூப்பில் வழக்கமாகப் போடும் சொரிசோ சொசேஜைப் போடாமல் தனியாகக் காய்ச்சியிருந்தார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அம்மா இலையை அகப்பையில் எடுத்துக் காட்டி, விரலால் வெட்டுவதுபோலச் சைகை செய்தார். அவர் சிரித்து, தன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டி, இவ்வளவு மெல்லிது என்று காட்டினார். ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கிண்ணம் முழுவதையும் குடித்தார். அதில் இலை எத்தனை கிராம் என்று நான் எப்படி எழுதுவது? ‘சூப், ஒரு கிண்ணம்’ என்று எழுதினேன்.

நவம்பர் 1

2.1.

சூப்பா, குறைத்த குளிசையா, திரும்பத் தொடங்கிய வறையா? மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார் மருந்தாளர். குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். நேற்று வரை இளஞ்சிவப்பில் 1 மில்லிகிராம் குளிசைகளை எண்ணிப் போட்டேன், இன்றிலிருந்து அவற்றில் சிலவற்றுக்குப் பதிலாகப் பீச் நிறத்தில் 5 மில்லிகிராம் வந்துவிட்டது.

இரவு முழுக்க அம்மாவின் கதையைக் கவனித்தேன். நாக்குக் குழறுகிறதா, வாய் கோணுகிறதா. அம்மா நித்திரையாகிவிட்டார். நான் ஆகவில்லை.

நவம்பர் 2

இந்த மருந்தின் கதையை வாசித்தேன். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்றதுதான் காரணம். 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த மாட்டையும் உறையாத இரத்தம் நிறைந்த பால்கேனையும் பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரும் அவருடைய மாணவர்களும் வருசக்கணக்காக உழைத்து அந்த வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கு.

அம்மாவுக்குச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாவம், அதுகளுக்கு வைக்கோலை விட்டா வேற என்ன கிடைச்சிருக்கும்” என்றார்.

நவம்பர் 4

மின்தராசு வாங்கினேன். கோப்பையை நம்ப முடியவில்லை. அரிந்த இலையை மெல்லப் போட்டால் ஒரு கோப்பை 24 கிராம், அமத்திப் போட்டால் 50. இவ்வளவு நாளும் நான் எழுதிய ‘அரைக் கோப்பை’ எல்லாம் எதைக் குறித்தன?

அம்மா எழும்பி வந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் இலையை இரண்டு பிடி அள்ளித் தராசில் போட்டார். 41. நான் திருப்பி எடுத்துவிட்டு, இன்னொரு தரம் அள்ளச் சொன்னேன். 40. இன்னொரு தரம். 42.

“இதுக்கு ஏன் பிள்ளை காசு குடுத்து மெசின்?”

இனி அம்மாவின் இரண்டு பிடி.

நவம்பர் 15

2.9.

நவம்பர் 29

3.0. எழுத வேறொன்றும் இல்லை. நல்ல நாள்.

டிசெம்பர் 13

இரண்டு கிழமையாகக் கொப்பியைத் தொடவில்லை. அம்மா தானே குளிக்கிறார். படியேறுகிறார். நேற்றுப் பனியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போய், இலையில் கிடந்த பனியைத் தட்டி உடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பனிக்குள்ளிருந்து எடுத்த இலை கையில் கண்ணாடித் தகடுபோல விறைத்திருந்தது, வெந்நீரில் விட்டதும் தளர்ந்து கரும்பச்சையானது.

இன்றைய எண் 2.5. விளிம்பு. குளிசை மாறவில்லை. சாப்பாடு மாறவில்லை. அதே வறை, அதே இரண்டு பிடி.

சும்மா ஒரு யோசனையில் அம்மாவின் இரண்டு பிடியைத் தராசில் வைத்தேன். 55.

டிசெம்பர் 14

அம்மாவோடு சண்டை. இனி 41 கிராம்தான், தராசில் போட்டுத்தான் தாச்சிக்குப் போக வேண்டும் என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். சோறு ஆறிப்போனது.

“என்ர கை எனக்குத் திரும்பி வருது. உனக்கு அதுவும் பிழையாத் தெரியுது” என்று கதவுக்குள்ளிருந்து சொன்னார்.

டிசெம்பர் 17

மருந்தாளரிடம் கொப்பியைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். 41ஐப் பிடித்துவைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் சொன்னது வேறு. தேறி வருபவருக்குப் பசி கூடும், அதைக் கட்டிப்போடக் கூடாது. மெல்லக் கூடினால் குளிசையும் மெல்லக் கூடும். திடீரென்று ஏறி இறங்குவதுதான் ஆபத்து. கிழமைக்கு ஒருமுறை அம்மாவின் பிடியை நிறுத்து எழுதி வாருங்கள், அது போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கு” என்றார். எனக்கு விளங்கியிருக்கிறதா என்று கேட்கவில்லை.

டிசெம்பர் 24

58. பருப்போடு கேல். அம்மாவே சமைத்தார்.

ஜனவரி 6

62 கிராம். குளிசையில் அரை மில்லிகிராம் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை. எண் எங்கே நிற்கும் என்று தெரியாது. பயம் போய்விட்டது என்று எழுத முடியவில்லை. ஆனால் நேற்று இரவு அம்மாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுத்தேன்.

விதைப் புத்தகம் தபாலில் வந்திருக்கிறது. இப்போது நிற்கும் செடிகள் பனியைத் தாண்டினால், வசந்தத்தில் மஞ்சள் பூப் பூத்து விதை கட்டும். கேல் இரண்டாம் வருசத்தில்தான் பூக்கும். கடுகின் சொந்தம்தானே, பூவும் நெற்றும் அதைப்போலவே இருக்கும். அம்மா அந்த விதையை எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டம்மாவின் செடியும் இதுவும் ஒரே இனம், இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தால் கலந்துவிடும், என்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது, கடையில் புது விதை வாங்குவோம் என்கிறேன் நான்.

“கலந்தா என்ன? முளைக்கிறதைச் சாப்பிடுவம்” என்கிறார்.

அதில் எவ்வளவு விற்றமின் கே இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. புத்தகம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது, ஓர்டர் போடவில்லை.