கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கே மாதம் பார்த்துத்தான் தண்ணீர். மற்ற மாதமெல்லாம் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடம். ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக்குடம், யானை மேல். அந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்த அக்கா மகள் சமயபுரம் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்த கையோடு போன் செய்தாள். "மாமா, பாத்ரூம் குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியல. ரூம்ல வெச்சுக்கற மாதிரி சின்ன ஃபில்டர் வாங்கிக் குடுங்க." நடுவில் இருப்பது ஓர் ஆறுதான். தாண்டினால் போர் தண்ணீர்.

ஆடியில் காவிரி செக்கச்செவேலென்று வரும்போது பாட்டி தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் வைத்து இழைப்பாள். சொரசொரவென்று அந்தச் சத்தம். விடிந்தால் மண்டி அடியில், தெளிவு மேலே. கலங்கலுக்குக் கொட்டை, கிருமிக்குக் கொதிக்க வைப்பது. உப்புக்கு அவளிடம் வைத்தியம் கிடையாது, தேவையும் வரவில்லை.

பிறகு நான் தங்கிய திருவல்லிக்கேணி மேன்ஷனில் அந்த வைத்தியம் தேவைப்பட்டது. ப்யூரிட் ஃபில்டரை 2004-ல் முதலில் சென்னையில்தான் இறக்கினார்கள். கரன்ட் வேண்டாம், குழாய் வேண்டாம், மேலே ஊற்றினால் கீழே வரும். 2009-ல் டாடா ஸ்வச் வந்தது. உமிச் சாம்பலும் வெள்ளி நுண்துகளும், விலை ஆயிரத்துக்குள். அறைவாசிகளுக்கு இரண்டுமே வரப்பிரசாதம். ஆனால் போர் தண்ணீரை ஊற்றினால் வருவது கிருமி செத்த உப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

அக்கா மகள் அனுப்பிய ஃபில்டர் படங்களிலும் அதே கதை. கார்பன் போட்ட ஜாடி குளோரின் வாடையை எடுக்கும். நுண்குழல் வைத்த பாட்டில் கிருமியைத் தடுக்கும், கரைந்த உப்பை விட்டுவிடும். ரெசின் வைத்தது கடினத்தன்மையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் இந்தத் தண்ணீருக்குச் சீக்கிரமே சோர்ந்துபோகும். உப்பைப் பிரிக்க ஆர்ஓதான். அதற்கு அழுத்தம் வேண்டும், மோட்டார் வேண்டும், கழிவுத் தண்ணீர் போக வழி வேண்டும். கெட்டிலுக்கே வார்டன் விடாத அறையில் எங்கே மாட்டுவது?

கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரோடு அவள் ஹாஸ்டலுக்குப் போனேன். பாத்ரூம் குழாயில் ஆயிரத்தைத் தாண்டியது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நாக்கு அந்த விதிவிலக்கைப் படிப்பதில்லை.

சமயபுரத்தில் அது பூச்சொரிதல் திருவிழா சமயம். மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிற ஊர். ரோட்டோரமெல்லாம் மஞ்சள் சேலை, நீர்மோர்ப் பந்தல். அண்டாவில் ஊற்றியது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோரில் உப்பு ஒரு குறையா? நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். தண்ணீர் பாக்கெட் நாட்களைவிட இது தேவலை. 2019 பிளாஸ்டிக் தடைக்கு முன்னால் அந்தச் சாலையோரம் பூராவும் கடித்துத் துப்பிய பிளாஸ்டிக்தான்.

ஹாஸ்டல் மெஸ் வாசலில் ஆர்ஓ மெஷின் இருந்தது. பேனாவை விட்டுப் பார்த்தேன், நூற்றுக்குள். உப்புப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அறைக்கு வேண்டியது ஃபில்டர் அல்ல, மூடியுள்ள பாத்திரம். சமயபுரம் கடைத்தெருவிலேயே குழாய் வைத்த எவர்சில்வர் பானை வாங்கிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன்.

"பக்கத்து ரூம் பொண்ணு பச்சைக் கலர்ல ஃபில்டர் ஜாடி வெச்சிருக்கா மாமா."

"கேட்ரிட்ஜ் எத்தனை லிட்டருக்கு வரும்னு டப்பாவுல பாத்துச் சொல்லு."

இன்னும் பார்த்துச் சொல்லவில்லை.