கடற்பாலத்துக்கு அப்பால் முதல் நாள்

சிங்கப்பூருக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எவரும் அதனை ஒரு விசேஷமாகக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. லயத்துக்கு ஒருவரேனும் அங்கே பேருந்து ஓட்டுகின்றனர், அல்லது வாயிற்காவலராக நிற்கின்றனர். ஆயினும் சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் எங்களில் ஒருவரும், அவர் மனைவியாகிய மற்றவரும் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரையில் அந்நகரைக் கண்டதில்லை. அப்போது சென்றதும் நகரைக் காணும் ஆவலினால் அன்று. அங்கே குடியிருக்கும் பால்ய சிநேகிதருக்கு நேரிற் சொல்ல வேண்டிய சங்கதியொன்று இரண்டு வருஷங்களாக எங்களிடம் தங்கிக் கிடந்தது. எல்லை திறந்தும் அவருக்கு விடுப்புக் கிட்டவில்லை. ஆகவே நாங்களே புறப்பட்டோம்.

சிரம்பானில் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலையில் ஜொகூர் பாரு லார்க்கினில் இறங்கி, வேறொரு பேருந்தில் எல்லையை அடைந்தோம். 1924-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அக்கடற்பாலம் ஒரு கிலோமீட்டரினும் சற்றே நீண்டது. எங்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்திலிருந்து செம்பனை ஆலைக்குப் போகும் வழி இதனினும் தூரம். அவ்வளவு தண்ணீரைத் தாண்டுவதற்கு இப்பக்கம் ஒரு முறையும் அப்பக்கம் ஒரு முறையும் மூட்டையோடு இறங்கிக் கடப்பிதழை நீட்ட வேண்டியிருந்தது.

எங்கள் பாட்டனார் காலத்தில் இத்தொல்லை இல்லை. சிரம்பானில் ரயிலேறினால் தஞ்சோங் பகார் நிலையத்திற் போய் இறங்கலாம். 1932-இல் திறந்த அந்நிலையம் 2011 ஜூலை முதல் தேதியோடு ஓய்ந்துவிட்டது. நாடு பிரிந்ததோ 1965 ஆகஸ்டு 9-ஆந் தேதி. நாணயம் மாத்திரம் அத்தனை சீக்கிரம் பிரிய மனமில்லாதது போல இருந்தது. 1967-இல் தனித்தனியே அச்சிட்ட பின்பும், 1973 மே மாதம் வரையில் அவர்கள் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகவே செல்லுபடியாயின. நாங்கள் போன அன்று அவர்கள் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றும் சில்லறையும் கொடுத்தோம். வாழ்நாள் முழுதும் செக்ரோல் எழுதிக் காலம் தள்ளுகிறவர்களுக்கு, முந்நூறு கொடுத்து நூற்றுக்கும் குறைவாக எண்ணி வாங்குவது இலேசான காரியமன்று. ஆனால் வாங்கிய தாளைத் திருப்பிப் பார்த்தால் அதிற் ‘சிங்கப்பூர்’ என்று நம் எழுத்திலே அச்சாகியிருந்தது. எங்கள் ரிங்கிட்டில் அவ்வெழுத்துக்கு இடமில்லை. நெடுநேரம் அதனைக் கையிலேயே வைத்திருந்தோம்.

நண்பர் குவீன் ஸ்திரீட் பேருந்து நிலையத்தில் முகக்கவசத்தோடு காத்து நின்றார். அங்கிருந்து நடந்தே தேக்காவுக்கு அழைத்துச் சென்றார். சிராங்கூன் சாலையைப் பற்றி எழுதியவர்கள் பலர்; பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் நாங்களும் வருணிக்கப் புகுவதிற் பயனில்லை. எங்கள் கண் போனது வேறிடம். கடைத் திண்ணைகளிலே புதுக்கோட்டைப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சுமாகக் கட்டடத் தொழிலாளர்கள் உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் ஊரிலுள்ள மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருந்தனர். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் குடும்பத்தை உடனழைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த கதையை நாம் பழங்கதை என்று சொல்லிக்கொள்கிறோம். அது பழங்கதையாகவில்லை, தோட்டத்தை விட்டுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

நண்பர் நிரந்தரவாசம் பெற்றவராதலால் அவருக்கு அந்தத் துன்பம் இல்லை. மனைவி மகனோடு மார்சிலிங் பகுதியில், அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கிறார். வீட்டினுள் நுழைந்ததும் எங்களில் இளையவரை நண்பரின் மனைவி, “வாம்மா, வழியெல்லாம் சௌகரியமா?” என்று கையைப் பற்றி நேரே சமையலறைக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் கொண்டுபோன மரவள்ளிக் கிழங்கை அந்த அம்மாள் வாங்கி மோந்து பார்த்த பார்வை, நகைக்கடைக்காரர் பவுனை உரைத்துப் பார்க்கும் பார்வை போலிருந்தது.

கூடத்து ஜன்னலின் வழியே ஜொகூர் பாருவின் மாடங்கள் தெரிந்தன. நண்பர் அதனைச் சுட்டி, “இரண்டு வருஷம் இந்த இடத்தில்தான் நின்றேன், தம்பி” என்றார். நாங்கள் வாய் பேசவில்லை.

நிற்க. அந்த இரண்டு வருஷங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2020 மார்ச்சு 18-ஆந் தேதி, தொற்றுநோய் காரணமாக நம் நாடு எல்லையை அடைத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கடந்த பாதை வெறிச்சோடிற்று. பெருவாரியானவர்களுக்கு அது மறுபடியும் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதியன்று. அடைத்த மறுமாதம் நண்பரின் தாயார் எங்கள் தோட்டத்து லயத்தில் இறந்து போனார். மகன் கடலுக்கு அப்பால், மகள் கெடாவில். மாநிலம் விட்டு மாநிலம் செல்லவும் அப்பொழுது தடை. பதினைந்து வயதிலிருந்து பால்மரம் வெட்டிய அம்மூதாட்டி, கடைசி நாட்களில் தமக்குக் கஞ்சி ஊட்டிய எங்களில் இளையவரை அழைத்து, “கொள்ளி நீயே வை” என்று சொல்லியிருந்தார். அவ்வாறே நடந்தது. உறவுமல்லாத ஒரு பெண் கொள்ளி வைப்பதா என்று தோட்டத்துப் பெரியவர்கள் இருவர் முணுமுணுத்தார்கள். ஊட்டிய கைக்கு இல்லாத உரிமை எந்தச் சாத்திரத்திலே வேறெவருக்கு உண்டு என்பது எங்கள் கேள்வி. அவர்கள் விடை சொன்னபாடில்லை.

மகனோ இவை யாவற்றையும் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியிற் பார்த்தார். பின்பு பேசும்போதெல்லாம் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியுமே பேசினோம்.

அன்று இரவு உணவுக்குப் பின் அவரே தொடங்கினார். “அம்மாவுக்குக் கொள்ளி வைத்த கை இது” என்று மகனுக்கு எங்களில் இளையவரைக் காட்டிச் சொன்னார். பையனுக்கு வயது ஒன்பது. பள்ளியில் மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ் தாய்மொழிப் பாடம். தமிழ்ப் புத்தகத்தைத் தடங்கலின்றிப் படித்துக் காட்டினான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிற் சிலர் அத்தனை தெளிவாகப் படிக்கமாட்டார்கள். ஆட்சிமொழி நான்கனுள் தமிழையும் ஒன்றாக வைத்த நாட்டின் நற்பயன் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்களோடு பேசியது முழுவதும் ஆங்கிலம். கொள்ளி என்றால் என்னவென்று தந்தையை ஆங்கிலத்திலேயே கேட்டான். நண்பர் விழித்தார். ஆங்கிலப் பள்ளியிற் படித்து, ஆங்கிலத்தில் கணக்கெழுதும் எங்களில் மூத்தவரை நோக்கினார். நெருப்பு, விறகு, சடங்கு என்று மூன்று ஆங்கிலச் சொற்களை அடுக்கிப் பார்த்தும் அது கொள்ளி ஆகவில்லை.

ஆங்கிலம் அதிகம் அறியாத மற்றவர்தாம் பையனை அருகில் இருத்தினார். “உங்க அப்பா கையாலே செய்ய வேண்டிய காரியம், கண்ணு. பாலம் அடைச்சிருந்திச்சு. அதனாலே அத்தை செஞ்சேன்” என்றார். பிறகு பாடை கட்டியதிலிருந்து, எலும்பு பொறுக்கியது வரைக்கும் ஒன்றையும் மறைக்காமற் சொன்னார். பையன் இடையிடையே கேள்வி கேட்டான். முதலில் ஆங்கிலத்தில், அத்தைக்கு விளங்கவில்லை என்று கண்டதும் தடுமாறித் தடுமாறித் தமிழில். பாட்டி பயந்தார்களா என்று கேட்டான். இல்லை என்று சொன்னோம், அஃது உண்மை.

நண்பர் எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போனார். அவர் மனைவி தடுக்க வேண்டாமென்று எங்களுக்குக் கண்ணாற் காட்டினார். கால்மணி கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சாம்பலைக் கரைத்தது எவ்விடம் என்று கேட்டார். போர்ட்டிக்சன் கடற்கரையில், கூட்டம் கூடும் இடம் தாண்டி, பாறைகள் தொடங்கும் பக்கம் என்றோம். ஒரு தாள் கொண்டுவந்து வழியை வரையச் சொன்னார். சிரம்பானிலிருந்து தொடங்கி ஒவ்வொரு திருப்பத்தையும் வரைந்து கொடுத்தோம். பையன் அதனை வாங்கி, இடத்தின் பெயர்களைத் தமிழில் எழுதினான். போர்ட்டிக்சனில் வல்லின ஒற்று வருமா என்று அவனுக்கும் எங்களுக்கும் சிறு தர்க்கம் உண்டாயிற்று. டிசம்பர் மாதம் அவனுக்குப் பள்ளி விடுமுறை. நண்பர் அன்றிரவே நாட்காட்டியில் நான்கு நாட்களைக் கோடிட்டு வைத்தார்.