2,265 குக்கர்கள்

என் டைரியில் ஒரு பக்கத்தின் தலைப்பில் 2,265 என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே 598. அதற்கும் கீழே 73, 39. எல்லாம் பிரஷர் குக்கர்களின் எண்ணிக்கை. இந்தக் கணக்கு எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

வீட்டு உபயோகக் குக்கர்களுக்கென்று மத்திய அரசு 2020-இல் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2021 பிப்ரவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஐ.எஸ். 2347 என்ற தரத்துக்கு ஒத்துவராத, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை அன்று முதல் யாரும் விற்கக் கூடாது. கடைத்தெருவில் இருக்கும் பாத்திரக் கடைக்கும் அதே சட்டம், செல்போனுக்குள் இருக்கும் கடைக்கும் அதே சட்டம். செல்போன் கடைக்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2021 டிசம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஹெல்மெட், குக்கர், சமையல் எரிவாயு சிலிண்டர் மூன்றையும் முத்திரை பார்த்து வாங்கும்படி பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த வருஷம் உத்தரவுகள் வரிசையாக வந்தன. பேடிஎம் மால் விற்றவை 39, ஸ்நாப்டீல் 73, பிளிப்கார்ட் 598, அமேசான் 2,265. வாங்கியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், குக்கரைத் திரும்பப் பெற வேண்டும், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த கடைசி இரண்டு உத்தரவுகளிலும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

குமாஸ்தாவாக இருந்தவன் கண்ணில் காசுதான் முதலில் படும். அந்த 2,265 குக்கர்களை விற்றுக் கொடுத்ததற்காக அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய் 41 காசு என்று ஆணையம் காசு சுத்தமாகக் கணக்குப் போட்டிருக்கிறது. அபராதம் 1 லட்சம். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அபராதத் தொகையை நீதிமன்றத்தில் கட்டு, வாங்கிய 2,265 பேருக்கும் தெரியப்படுத்து என்று 2022 செப்டம்பரில் நீதிபதி சொன்னார்.

இந்த 'தெரியப்படுத்து' என்ற ஒரு வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் பாண்டிச்சேரியில் அரசு அலுவலகத்தில் 34 வருஷம் எழுதுகோலைப் பிடித்தவன். ஓய்வுக்குப் பிறகு கொல்லிமலைக்கு வந்து மகளோடு இருக்கிறேன். மகள் இங்கே செம்மேட்டுப் பக்கம் ஆசிரியை. எங்கள் அலுவலகத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் மட்டும் வேலை முடியாது. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஊருக்கே தெரிய வேண்டிய சங்கதி என்றால் தண்டோரா. பியூன் பொய்யாக 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு வந்தால் அவரைத் திரும்ப அனுப்பிய மேலதிகாரிகளை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டிய பியூன்களையும் தெரியும், அது வேறு கதை.

இனி மார்கழியில் நடந்ததற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மா இருக்கிறார். அறுபது வயது இருக்கும். மலையாளி இனத்தவர், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சாமை என்று சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு அம்மாவுக்கு 5 லிட்டர் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தான். விலை 1,149 ரூபாய். பளபளவென்று கறுப்புக் கைப்பிடியோடு நன்றாகத்தான் இருந்தது.

மலையில் குக்கர் ஆடம்பரப் பொருள் இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், இங்கே தண்ணீர் 96 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. மொச்சையும் துவரையும் வேக அரை நாள் ஆகும். குக்கர் வந்தால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம்.

அன்று காலை அந்த அம்மா மொச்சை வேக வைத்தார். விசில் வரவில்லை. பார்க்கலாம் என்று காத்திருந்தார். மூடி பிய்த்துக்கொண்டு மேலே போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடித்தது. சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று நினைத்தேன். கொதிதண்ணீர் அவர் வலது முன்னங்கை முழுக்க. அடுப்படியில் எப்போதும் குளிர்காய உட்காரும் பேரன், அந்த நேரம் குழாயடிக்குப் போயிருந்தான். செம்மேடு அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, பத்து நாள் போய் வந்தார். இன்றைக்கும் அந்தக் கை தோல் வேறு நிறம்.

பார்க்கப் போனபோது அவர் சொன்னது: "நாந்தானுங்க ஐயா, மொச்சைய அளவுக்கு மிஞ்சிப் போட்டுட்டேனாட்டம். எங்களுக்கெல்லாம் குண்டான்தான் சரி."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

பள்ளியில் நாங்கள் பௌதிகத்தைப் பிரெஞ்சில் படித்தோம். 'மர்மித் து பபேன்' என்று ஒரு பாடம். தெனி பபேன் என்ற பிரெஞ்சுக்காரர், 1647-இல் புளுவா நகரத்தில் பிறந்தவர், 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூடி இறுக்கிய ஒரு இரும்புப் பாத்திரத்தைக் கொண்டு வந்து காட்டினார். அதில் எலும்பைப் போட்டால் மெத்தென்று வெந்துவிடும். 1682-இல் அந்தச் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தே வைத்தார். ஆனால் எங்கள் ஆசிரியர் எங்களை மனப்பாடம் செய்யச் சொன்னது பாத்திரத்தைப் பற்றியல்ல. அதன் மேல் பபேன் வைத்த 'சுபாப் து சூர்த்தே', அதாவது பாதுகாப்பு வால்வு. ஒரு நெம்புகோல், அதன் முனையில் ஒரு எடைக்கல். ஆவி அளவு மீறினால் கல்லைத் தூக்கிவிட்டு வெளியேறிவிடும். பாத்திரம் பிழைக்கும், பக்கத்தில் நிற்பவரும் பிழைப்பார். 340 வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

நம் குக்கரில் விசில் வைக்கும் வெயிட்தான் அந்தக் கல். அதற்குக் கீழே உள்ள குழாயை மொச்சைத் தோலோ பருப்பு நுரையோ அடைத்துக்கொள்ளலாம். அடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் மூடியில் இரண்டாவதாக ஒரு சேஃப்டி வால்வு. அதன் நடுவில் சீக்கிரம் உருகக்கூடிய ஒரு உலோகப் பொட்டு. சூடு மீறினால் அது உருகி ஆவிக்கு வழி விட வேண்டும். சமைப்பவர் தவறு செய்வார் என்று தெரிந்துதான் அதை வைக்கிறார்கள். அந்த அம்மாவின் குக்கர் மூடியை நான் வாங்கிப் பார்த்தேன். மூடி நெளிந்திருந்தது, விளிம்பு விரிந்திருந்தது, சேஃப்டி வால்வு மட்டும் புத்தம் புதிதாக, உருகாமல் அப்படியே இருந்தது. 20 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்றால் மொத்தம் 314 கிலோ. நான்கு அரிசி மூட்டை கீழேயிருந்து முட்டுகிற மாதிரி. அது சாதாரணமாக வேலை செய்யும்போதே உள்ள அழுத்தம். வழி அடைத்துக்கொண்டால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பாருங்கள்.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. ஐ.எஸ். எண் இல்லை. ஒரு ஸ்டிக்கர் இருந்தது, அதில் ஒரு பூ.

மகனிடம் போனில் கேட்டேன். அவன் போனில் வாங்கவில்லையாம், கூட அறையில் தங்கியிருக்கும் பையன் போனில், அவன் கணக்கில் போட்டானாம். ஏதோ தள்ளுபடி அந்தக் கணக்குக்குத்தான் வந்ததாம். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'இந்தப் பொருள் இப்போது கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. விற்றவர் கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இங்கேதான் என் டைரி எண்களுக்கு வருகிறேன். அந்தக் குக்கரைத் திரும்பப் பெறச் சொல்லி நாளைக்கே ஒரு உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் யாருக்குத் தெரிவிக்கும்? வாங்கிய கணக்குக்கு. அதாவது திருப்பூரில் உள்ள அறைத் தோழனின் மின்னஞ்சலுக்கு. அவன் மின்னஞ்சலைத் திறந்து எத்தனை மாதமோ. திறந்தாலும் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் அது இன்னொன்று. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கதை இதுதான். சோளக்காடு, செம்மேடு பக்கம் செல்போன் கடைப் பையன்கள் தங்கள் கணக்கிலேயே ஊருக்கெல்லாம் ஆர்டர் போட்டுக் கொடுக்கிறார்கள், ஆளுக்கு இருபது முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு. பதிவேட்டில் அந்தப் பையன் நாற்பது வீட்டுக்கு வாடிக்கையாளர். பொருள் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிடுகிறது. அதைத் திரும்பக் கேட்கும் கடிதம் காரவள்ளியில் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது.

மேலேயிருந்து கீழே போவதும் நின்றுவிடுகிறது. எங்கோ ஒருவர் புகார் கொடுத்தால் ஆணையத்துக்கு விஷயம் தெரிய வரும். 'நாந்தான் மொச்சைய மிஞ்சிப் போட்டுட்டேன்' என்று நினைக்கிறவர் எங்கே புகார் கொடுப்பார்?

அதனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு நானே பேசினேன், அந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தமிழிலேயே பேசலாம், புகார் எண் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பணம் வந்தது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அறைத் தோழனுக்கு. நல்ல பையன், அன்றே 1,149 ரூபாயையும் அம்மாவின் மகனுக்கு அனுப்பிவிட்டான். புகாருக்கு நேரே 'தீர்க்கப்பட்டது' என்று வந்துவிட்டது. அந்த விற்பனையாளரிடம் அதே குக்கரை வாங்கிய மற்றவர்களுக்கு ஏதாவது சொன்னீர்களா என்று நிறுவனத்துக்கு எழுதினேன். வழக்கமான நன்றிக் கடிதம் வந்தது. கோப்பை மூடுவதில் எங்கள் அலுவலகத்துக்குக் கொஞ்சமும் இளைத்தவர்கள் இல்லை இந்தக் கம்பெனிக்காரர்கள்.

பிரான்சில் எப்படி என்று தேடிப் படித்தேன், மொழி மறக்கவில்லையே. அங்கே 2017 டிசம்பரில் லாக்தாலிஸ் நிறுவனத்தின் குழந்தைப் பால்பவுடரில் சால்மொனெல்லா கிருமி என்று திரும்பப் பெறச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் பெரிய பெரிய அங்காடிகளில் அதே பவுடர் விற்பனையாகியிருந்தது தெரிந்து நாடே கொதித்தது. 2021 ஏப்ரலில் அரசாங்கமே 'ரப்பேல் கோன்சோ' என்று ஒரு பொதுத் தளம் திறந்தது. திரும்பப் பெறப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் படம், தொகுதி எண், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும். யார் கணக்கில் வாங்கியது என்ற கேள்வியே இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவில் ஒட்டுவது மாதிரிதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கமும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆன்லைன் நிறுவனங்களின் கிடங்குகளுக்குள் போய், ஒரே கிடங்கில் 3,000-க்கும் மேற்பட்ட முத்திரை இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை. கிடங்கில் பிடிப்பதுதான் சுலபம். வீட்டுக்கு வீடு போன பிறகு தேடுவது நெல்லைக் கொட்டிவிட்டுப் பொறுக்குகிற வேலை.

நான் பொறுக்கத்தான் செய்கிறேன், வேறு வேலை என்ன இருக்கிறது. ரேஷன் கடை விற்பனையாளரிடம் அனுமதி கேட்டு, சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். பெரிய எழுத்தில்: 'உங்கள் குக்கரைக் கவிழ்த்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள்.' வீட்டு அடையாளமும் எழுதினேன். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது, இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை 23 குக்கர் வந்தன. 18 சரியாக இருந்தன. நான்கில் முத்திரையே இல்லை. ஒன்றில் முத்திரை இருந்தது, எண்ணைப் போட்டால் அப்படி ஒரு உரிமமே இல்லை. அந்த ஐந்தில் மூன்று பேர் உபயோகிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் அதில் விதைச் சாமை போட்டு வைத்திருக்கிறார். இன்னொருவர், "விசில் நல்லாத்தான் அடிக்குது, சும்மா இருங்க ஐயா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது செல்போன் கடைப் பையனின் அம்மாவுடையது. அது என்ன ஆயிற்று என்று அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். ஆனால் யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டுப் போடச் சொன்னேன், போட்டிருக்கிறான். வீட்டுக்காரர் பெயர், பொருள், தேதி என்று மூன்று கட்டம். கோடு நானே போட்டுக் கொடுத்தேன்.

நேற்று ஒருவர் குக்கருக்குப் பதிலாகத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு ஒன்றைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2021 டிசம்பரில் வந்த இரண்டாவது எச்சரிக்கையில் அதுவும் உண்டு. கைப்பிடியில் என்னவோ அச்சடித்திருக்கிறது, எண் பாதி தேய்ந்துபோயிருக்கிறது. ஏழா ஒன்றா என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.