சேத்தூரிலிருந்து தூத்தூருக்கு... படகுக் கூரையில் ஓர் ஆன்டெனா!

சேத்தூர்க்காரர்களான எங்களுக்கு சிக்னல் என்றாலே மேற்கே நிற்கும் மலைதான் ஞாபகம் வரும். பஜாரில் கணீரென்று பேசும் போன், மலையடிவாரத் தோப்புப் பக்கம் போகப் போகக் கரகரக்கும். “மலை மறைக்குது” என்று சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் நடந்து வருவோம். கடலில்தான் மலை இல்லையே, அங்கே எவ்வளவு தூரத்துக்கும் பேசலாமே என்று தோன்றுகிறதா? அதே மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

குழித்துறை தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, இரயுமன்துறையிலிருந்து கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை வரிசையாக மீனவ கிராமங்கள். நடுவில் தூத்தூர். பெயர் நம் ஊர் மாதிரி இருக்கிறது, தொழில்தான் வேறு. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றவர்கள் இவர்கள். நாள்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள்.

அங்கே மறைப்பது பூமியின் வளைவு. படகுகளில் இருக்கும் வி.ஹெச்.எஃப் வயர்லெஸ் செட்டின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். இரண்டு படகுகளிலும் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி சுமார் 16 கி.மீ. வரைதான் பேச்சு. தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் இரண்டிலும் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும்! கையடக்க செட்டை விட்டு 25 வாட் செட் வாங்கினாலும் தாழ்வாக மாட்டினால் பெரிய பலன் இல்லை. அதனால்தான் ஆன்டெனாவை சுக்கான் அறைக்கு மேலே, கம்பத்தின் உச்சியில், மற்ற இரும்புச் சாமான்களிலிருந்து விலக்கிக் கட்டுகிறார்கள். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதன் இணைப்பில் உப்புத் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றுவது சின்ன வேலைதான், ஆனால் அதில் சோம்பினால் செட் கரகரக்கும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது, இந்த ஊர்களின் படகுகள் பல, கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தொலைவில் இருந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பாதவர்களின் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இப்போது படகுகளில் ஏறுவது, இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர். நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக டிஜிட்டல் செய்தி இரு பக்கமும் போகும், வரும். ஆபத்து என்றால் கரைக்குத் தகவல் அனுப்பலாம். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளோடு பேச உயரமான கம்பம் தேவையில்லை. தலைக்கு மேல் திறந்த வானம் போதும். கூரையில் அதன் மேல் இரும்புத் தகடோ வேறு பொருளோ மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகப் பழைய வயர்லெஸ்ஸைக் கழற்றிவிடவும் முடியாது. பக்கத்துப் படகை உடனே கூப்பிட்டுப் பேச அதுதான் கை கொடுக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணத்துக்குப் பேருந்து உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். மீன் வாங்கி முடித்த பிறகு, நிற்கிற படகுகளின் கூரைகளையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.