ஒரே மாதிரி டம்ளர்கள்

10.06.2024, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பேர். மூன்று பேர் அழுகை. ஒருத்தி வாசலைத் தாண்டமாட்டேன் என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நானும் இன்னொரு ஆசிரியரும்தான். இரண்டு பேர் ஓடியோடி எத்தனை மூக்கைச் சிந்திவிட முடியும்? அதனால் வருடா வருடம் செய்வதையே செய்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றையும் ஐந்தாம் வகுப்பில் ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன். கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, செருப்பு வார் மாட்டிவிடுவது, தட்டு கழுவப் பழக்குவது, மத்தியானம் தூங்கிப் போனால் யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த அக்கா, அண்ணன் பொறுப்பு.

யாருக்கு யார் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விடுவதில்லை. விட்டால் காலனிப் பிள்ளை காலனிப் பிள்ளையோடு, ஊர்ப் பிள்ளை ஊர்ப் பிள்ளையோடு என்றாகிவிடும். பிறந்த தேதி வரிசையில் சேர்த்தேன். தேதியை நான் போடவில்லை, யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

கம்பிக்காரிக்கு வாய்த்த அண்ணன் பள்ளியிலேயே பெரிய வாலு. அவன் கெஞ்சவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கேட்டுக்கு உட்பக்கம் குந்திக்கொண்டு பம்பரத்துக்குச் சாட்டை சுற்ற ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்து, "எனக்குக் குடு" என்றாள்.

20.06.2024, வியாழன்

பேப்பர் முழுக்கக் கள்ளக்குறிச்சி கருணாபுரம் சாராயச் சாவு. 2019 வரை எங்கள் மாவட்டத்திலேயே இருந்த ஊர். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளின் படத்தைப் பார்த்த பிறகு மேலே படிக்க ஓடவில்லை.

நேற்றைய பேப்பரை எடுத்தேன். நீதிபதி சந்துரு குழு அறிக்கை. போன ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதை ஒட்டி அரசு அமைத்த குழு. சாதியைக் காட்டும் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்கிறது. சரிதான். எங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டில் அந்தக் கயிறு இன்னும் ஏறவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் கால் வைத்த அன்றைக்குத் திடீரென்று ஏறுகிற சமாசாரமா அது?

இன்று இரண்டாம் வகுப்புப் பையன் தண்ணீர் டிரம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தாகம், ஆனால் குடிக்கமாட்டான். கேட்டால், "அந்த டம்ளர்ல குடிக்கக் கூடாதுன்னு ஆயா சொல்லிச்சு." எல்லா டம்ளரும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு. எந்த டம்ளர் என்றேன். காலனிப் பெண் ஒருத்தி குடித்துவிட்டு அப்போதுதான் வைத்த டம்ளரைக் காட்டினான். அதாவது யார் எதை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். ஏழு வயது.

நான் படித்த காலத்தில் வாரம் ஒரு பீரியட் நீதிபோதனை உண்டு. அதில் கணக்கு சார் கணக்குதான் நடத்துவார். நடத்தாமல் போதித்திருந்தாலும் இந்தப் பையனுக்கு அது போதாது. 'அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது' என்று நான் சொன்னால், என் பேச்சா ஆயா பேச்சா என்று அவன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். நாளையிலிருந்து குடித்த டம்ளரை உடனே கழுவிக் குவியலில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தபின் எது யாருடையது என்று எவனாலும் சொல்ல முடியாது. கழுவும் முறை எல்லாருக்கும் வரும், அவனுக்கும்தான்.

25.06.2024, செவ்வாய்

பையனின் ஆயாவே வந்துவிட்டார்.

"இல்ல டீச்சரு, புள்ளைக்குச் சளி புடிச்சிக்குது. அதான் தனியா குடின்னேன்."

"அப்படியா ஆயா? அப்போ எல்லாருக்கும் சீரகத் தண்ணியே காய்ச்சி வெச்சிடறேன். எந்தப் புள்ளைக்கும் சளி புடிக்காது."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "நீ வெவரமான ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாளையிலிருந்து பையன் கையில் பாட்டில் வரும். வரட்டும், பிடுங்கப் போவதில்லை. சீரகத் தண்ணீர் ருசியாக இருக்கும்.

18.07.2024, வியாழன்

'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து மூன்றாவது வருடம். கொரோனாவில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் பிடிக்க 2022 ஜூனில் தொடங்கியது. பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் நிலையாகப் பார்க்க வேண்டும்: அரும்பு, மொட்டு, மலர். பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரர்தான். ஆனால் இன்று கோலி விளையாட்டுச் சண்டையில் ஒருத்தன் கத்துகிறான்: "போடா அரும்பு!"

மலர்ப் பிள்ளையை அரும்புக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாம், வைக்கிறோம். அதில் ஒரு சங்கடம். தினமும் ஒரே ஆள் கொடுக்க, ஒரே ஆள் வாங்கிக்கொண்டிருந்தால் வாங்குகிறவன் மனசில் நன்றியா வளரும்? எரிச்சல்தான் வளரும். அரும்பையும் நாலு பேர் தேடி வர வேண்டும். திட்டு வாங்கியவனுக்கு எழுத்து இன்னும் கூடவில்லை. ஆனால் ஆடு மேய்க்கிறவன். புளியங்கொட்டையைக் கையில் அள்ளினால் பார்க்காமலே ஐந்தைந்தாகப் பிரித்துவிடுகிறான். கணக்குப் பாடத்துக்கான கொட்டைப் பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டேன். கொட்டை வேண்டுமென்றால் இனி மலரும் அவனிடம்தான் கை நீட்ட வேண்டும்.

27.08.2024, செவ்வாய்

காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போன ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். முதல் பீரியடில் நடக்கும் கிள்ளலும் அடிதடியும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. பசித்த பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்த்த காலமும் இருந்தது!

இன்று கிச்சடி. மூன்றாம் வகுப்புப் பெண் பாதியை டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் ஓடி வந்தாள்: "டீச்சர், இவ திருடுறா." வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது நாங்களே சொன்ன விதி. சொன்னவள் மேல் தப்பில்லை. எடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பிக்கு" என்றாள்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வட்டமாக உட்கார வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அது அவ பங்கு டீச்சர், அவ வயித்துக்குப் போகல, அவ்ளோதான்" என்றான் ஒருவன். "கெட்டுப்போயிடும், தம்பிக்கு வயிறு வலிக்கும்" என்றாள் இன்னொருத்தி. "தம்பியை இங்க கூட்டிட்டு வரலாம்." கடைசியில் புகார் சொன்னவளே கேட்டாள்: "தம்பி ஏன் பால்வாடிக்குப் போறதில்ல?" இந்தக் கேள்வி எனக்கு முதலில் தோன்றவில்லை. தம்பிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அங்கன்வாடியில் சேர்க்கலாம், மத்தியானச் சாப்பாடும் உண்டு. அம்மா விடிகாலையிலேயே களை வெட்டப் போய்விடுகிறார், கொண்டுபோய் விட ஆள் இல்லை. பணியாளரிடம் பேசிவிட்டேன். நாளையிலிருந்து எங்கள் பிள்ளைகள் வரும் வழியில் அவனையும் நடத்திக் கூட்டி வருவார்கள்.

11.09.2024, புதன்

நட்சத்திர அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றினேன். நல்ல காரியத்துக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கள், பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்று குறுவள மையக் கூட்டத்தில் சொன்னதால் மாட்டியது. நேற்று விழுந்த பிள்ளையைத் தூக்கிய பையன், தூக்கிய கையோடு திரும்பி நான் பார்த்தேனா என்று பார்த்தான். விழுந்தவள் முட்டியில் ரத்தம். அதை அவன் பார்க்கவே இல்லை.

10.12.2024, செவ்வாய்

ஃபெஞ்சல் புயல் அடித்த ராத்திரி மயிலத்தில் 51 செ.மீ. மழை. அது போதாதென்று சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறியது. தாழ்வாக இருந்த காலனிக்குள்தான் முதலில் புகுந்தது. அங்கிருந்தவர்கள் எங்கள் வகுப்பறைகளில்தான் படுத்தார்கள்.

இதை அழகுபடுத்தி எழுத மாட்டேன். ஊரிலிருந்து அண்டாவில் சோறு வந்தது, நிறையவே வந்தது. அண்டாவைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளி திறந்தபின் ஊர்ப் பிள்ளைகள் சிலரை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கேட்டதற்கு, "கிளாஸ்ல நாத்தம் அடிக்குது டீச்சர்." பினாயில் ஊற்றிக் கழுவியபின் ஒவ்வொருவராக வந்தார்கள்.

சீருடை இழந்தவர்கள் தனியாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதால், இந்த மாதம் எல்லாரும் கலர் டிரஸ் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தாழ்வாரத்தில் நனைந்த புத்தகங்கள். ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் அடிஸ்கேலை நுழைத்து ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்க, அவரவர் ஒன்றாம் வகுப்பு வால்கள் அட்டையால் விசிறினார்கள். பாதி கிழிந்தது. புதுப் புத்தகம் வரும் என்று சொல்லியும் கேட்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

05.03.2025, புதன்

1ஆம் தேதியிலிருந்து அடுத்த வருடச் சேர்க்கை. சாயங்காலம் நானும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் வீடு வீடாகப் போகிறோம். ஊர்த்தெருவில் தனியார் பள்ளி வேன் வந்து நிற்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. டம்ளரைக் கலக்கலாம், ஜோடியைக் கலக்கலாம். வேன் ஏறிப் போகிற பிள்ளையை எதோடு கலப்பது? ஊர்ப் பிள்ளை முழுக்கப் போய்விட்டால் இது காலனிப் பள்ளி, அது ஊர்ப் பள்ளி. பிறகு இங்கே எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

சீரகத் தண்ணீர்ப் பையனின் வீடு. இந்த வருடம் அவனே தங்கைக்கு விண்ணப்பம் கேட்டு வாங்கிப் போயிருந்தான். அப்பா திண்ணையில் இருந்தார்.

"நல்ல புள்ளையா வளர்க்கிறீங்க, இல்லன்னு சொல்லல. இங்கிலீஷ் வருமா டீச்சர்?"

"வரும். சனிக்கிழமை காலையில வந்து உக்காந்து கேளுங்க. மூணாம் வகுப்பு வாசிச்சுக் காட்டும்."

"வேன் ஃபீஸே மாசம் இன்னா சொல்றான் தெரியுமா?" என்று தொகையைச் சொன்னார். அதில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. ஆயா உள்ளேயிருந்து, "சேர்த்தா ரெண்டையும் ஒரே எடத்துல சேரு" என்று குரல் கொடுத்தார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"யோசிச்சிச் சொல்றேன் டீச்சர்."

சனிக்கிழமை வரச் சொல்லி மறுபடி நினைவுபடுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம்.