மூச்சுத் திணறிய மோட்டார்

நோய் இன்னதென்று தெளியுமுன், அதற்குக் காரணர் இன்னாரென்று தெளிந்துவிடுதல் நம்மனோரிடத்துக் காணப்படும் ஒரு குறையாகும். அஃது என்னிடத்தும் உண்டென்பதை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டு டீசல் மோட்டார் வண்டி.

சென்ற கோடை விடுமுறையில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் அதைச் செலுத்திச் சென்றேன். அன்னையார் பின்னே அமர்ந்திருந்தார். முன்னே ஊர்ந்த லாரியொன்றைக் கடக்கக் கருதி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி பாயவில்லை, மூச்சடைத்தாற்போலத் தயங்கிற்று. அதற்குள் எதிர்வளைவில் ஒரு பஸ் தோன்றிற்று. பிரேக்கை மிதித்து லாரியின் பின்னே ஒதுங்கினேன். நூலிழையில் தப்பினோம்.

வீடு திரும்பியதும் தம்பிமேற் சீறினேன். முந்தின வாரம் எங்கோ ஒரு பங்கில் டீசல் நிரப்பியவன் அவனே. "உன் அஜாக்கிரதையால் அம்மாவைப் பறிகொடுத்திருப்போமே!" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. அன்றுமுதல் வண்டிச் சாவியைத் தொடவுமில்லை.

டீசலை வடித்துப் புதிதாய் நிரப்பினேன், வடிகட்டியையும் மாற்றினேன். தயக்கம் நீங்கவில்லை. ஒரு பட்டறையில் டர்போவையே மாற்றவேண்டுமென்றனர். அவ்வளவு பொருளுக்கு வழியின்றி, முதிய மெக்கானிக் ஒருவரை நாடினேன். அவர், "எது கெட்டது?" என்று கேட்கவில்லை, "எப்பொழுது திணறுகிறது? புகை என்ன நிறம்?" என்றே கேட்டார். நிற்கையில் இல்லை, சமதளத்தில் மெல்லச் செல்கையில் இல்லை, ஏற்றத்தில் அழுத்தும்போது மட்டுமே, புகையோ கருமை என்றேன்.

"அப்படியானால் டீசல் வருகிறது ஐயா, காற்றுத்தான் போதவில்லை" என்றார்.

டர்போ என்பது, சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பியூக்கி என்னும் பொறியாளர் 1905-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற கருத்தின் வழிவந்தது. வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் நிமிஷத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும். அதே அச்சிற் பிணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும். இடையிலுள்ள குழாயிற் கீறலிருப்பின், அழுத்தம் குறைந்தபோது அது மூடிக்கிடக்கும். அழுத்தம் ஏறியதும் வாய் திறக்கும்.

மெக்கானிக் அப்பாதையின் நுழைவாயை அடைத்து, அளவாகக் காற்றேற்றிச் சோப்பு நீரைத் தடவினார். சைக்கிள் டியூபிற் பஞ்சர் பார்ப்பது போலத்தான். ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், கிளிப்பின் ஓரமாய், நுரை கொப்பளித்தது.

"யாரோ கிளிப்பை அளவுக்குமீறி இறுக்கியிருக்கிறார்கள், விளிம்பு ரப்பரை அறுத்துவிட்டது" என்றார்.

அந்த 'யாரோ' நானே. சில மாதங்களுக்குமுன் அக்குழாயைக் கழற்றித் துடைத்து, என் கையால் இறுக மாட்டியிருந்தேன். எப்பொழுது என்று கேட்டவர் பிழையைக் கண்டார். யார் என்று கேட்ட நான் தம்பியை நோகச்செய்தேன்.

குழாய் ஒன்றே மாற்றப்பட்டது. வீட்டையடைந்து, சாவியைத் தம்பியின் கையில் வைத்து, "பிழை என்னுடையது" என்றேன். அவன் சிறிது நேரம் அதைப் பார்த்திருந்தான். பின்பு, "அம்மாவை எங்கே அழைத்துப் போகட்டும், அண்ணா?" என்றான்.